ஒரே குத்து இயக்கம்

அந்த ஆஸ்பத்திரியில் யாரையும் இரண்டு தடவை குத்த மாட்டார்கள். அது அவர்களுடைய கொள்கை. வாசலில், லிஃப்டுக்குள், கழிப்பறைக் கதவின் உள்பக்கம் என்று எங்கே திரும்பினாலும் ஒரு போஸ்டர். அதில் ஒரு கை சிரித்துக்கொண்டிருக்கும். கீழே, 'ஒரே குத்து. உங்கள் வலியை நாங்கள் மதிக்கிறோம்' என்று எழுதியிருக்கும். கை எப்படிச் சிரிக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதற்குக் கண்ணும் வாயும் வரைந்து வைத்திருந்தார்கள்.

பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவர் ஒரு நோயாளியை இரண்டாவது முறை குத்தினால் அவர் பெயருக்கு நேராக ஒரு கரும்புள்ளி விழும். மாதம் முழுக்கப் புள்ளி விழாமல் ஓட்டினால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் உண்டு. மூன்று புள்ளி விழுந்தால் விசாரணை. அந்த ஒரே குத்தில் ரத்தம் போதுமான அளவு வராவிட்டால் என்ன செய்வது என்று கொள்கையில் எதுவும் இல்லை. கொள்கை வகுத்தவர்களுக்கு ரத்தம் எப்போதும் தாராளமாக வந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் கலர்காரர் தன் மனைவியை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். அவர் ஒரு பெயிண்ட் கடையில் முப்பது வருஷமாகக் கலர் கலப்பவர். பழைய சுவரிலிருந்து உதிர்ந்த நகத்தளவு சுண்ணாம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், அதே கலரில் ஒரு வாளி தயாராக இருக்கும். அதனால் ஊரே அவரைக் கலர்காரர் என்றுதான் கூப்பிடும். மனைவிக்கு இரண்டு நாளாக வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. அன்று காலை குளியலறையில் குழாயைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, காலு ரெண்டும் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றாள்.

அந்த வீட்டில் புருஷனிலிருந்து கதவுத் தாழ்ப்பாள் வரை எல்லாமே அவள் பேச்சைக் கேட்டுப் பழகியவை. அதனால் கலர்காரர் சட்டையைக்கூட மாற்றாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

வார்டில் இருந்த டியூட்டி டாக்டரம்மா நல்ல மாதிரி. காலைத் தூக்கச் சொன்னார், கையை அமுக்கச் சொன்னார், நாக்கைப் பார்த்தார். பிறகு கலர்காரரிடம் நிதானமாகச் சொன்னார்.

"வாந்தி பேதியில உடம்புல இருக்கற உப்பெல்லாம் போயிருக்கும் சார். அதுல பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு. மூன்றரைக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கணும். குறைஞ்சா தசை ஓஞ்சு போகும். ரொம்பக் குறைஞ்சா இதயமே தடுமாறிடும். கூடிப்போனாலும் அதே கதைதான். எனக்கென்னமோ இவங்களுக்குக் குறைஞ்சிருக்கும்னு தோணுது. அளவு தெரிஞ்சதும் ஏத்த ஆரம்பிச்சுடலாம்."

ரத்தம் எடுப்பவர் தட்டோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். மார்பில் பேட்ஜ். கட்டிலின் கால்மாட்டில் விறைப்பாக நின்று, பள்ளிக்கூடத்து உறுதிமொழி மாதிரி ஒப்பித்தார்: "வணக்கம். நான் உங்கள் ரத்த மாதிரியைச் சேகரிக்க வந்திருக்கிறேன். இது ஒரே குத்தில் முடியும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." அவள் அந்த நேரத்தில் பேசினுக்குள் தலையைக் கவிழ்த்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிரட்டும் என்று அவர் காத்திருந்து, நிமிர்ந்ததும் முதலிலிருந்து ஒப்பித்தார். நோயாளி கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம்.

இரண்டு நாளாக உடம்பில் தண்ணீர் தங்காதவளுக்கு நரம்பு எங்கே கிடைக்கும்? தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, ஒருவழியாகக் குத்தினார். முதலில் ஊதா மூடி போட்ட குழாய் நிறைந்தது. அடுத்து சிவப்பு மூடிக் குழாயை மாட்டினார். நாலு சொட்டு விழுந்தது. அதோடு நின்றுவிட்டது. ஊசியை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினார். பிறகு குனிந்து தன் பேட்ஜைப் பார்த்தார்.

இரண்டு மூடியையும் திறந்து, ஊதாவிலிருந்த ரத்தத்தில் பாதியைச் சிவப்பில் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கை அவ்வளவு பழகியிருந்தது.

"அதுல இருக்கறத இதுல ஊத்துறீங்களே?" என்றார் கலர்காரர்.

"ரெண்டும் இவங்க ரத்தம்தானே சார்?"

"அந்த ஊதாக் குழாய்க்குள்ள முன்னாடியே வெள்ளையா ஏதோ ஒட்டியிருந்துச்சே. நான் பாத்தேன்."

"அது ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. ஒண்ணும் பண்ணாது சார்."

கலர்காரருக்கு மனசு ஒப்பவில்லை. மஞ்சள் ஒட்டியிருந்த டப்பாவில் வெள்ளையை ஊற்றிவிட்டு, அது மஞ்சள் தட்டுகிறதே என்று ஆச்சரியப்பட்ட எத்தனையோ பேரை அவர் கடையில் பார்த்திருக்கிறார். ஆனால் இது ஆஸ்பத்திரி. நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டார். நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

ஒரு மணி நேரத்தில் வார்டு போன் அடித்தது. உயிருக்கு ஆபத்தான அளவு எதுவும் தெரியவந்தால் லேப் உடனே வார்டுக்குப் பேச வேண்டும், வார்டு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். அதை ஒவ்வொரு வருஷமும் ஒரு கமிட்டி இன்னும் கொஞ்சம் நன்றாக்கியிருந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது போன வருஷத்து முன்னேற்றம். அதனால் கலர்காரரும் கேட்டார்.

"அபாய மதிப்பு ஒண்ணு இருக்கு. எழுதிக்கத் தயாரா சிஸ்டர்?"

"தயார்."

"முழு வாக்கியமாச் சொல்லுங்க."

"நான் அபாய மதிப்பை எழுதிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்" என்றார் வார்டு சிஸ்டர். இருபது வருஷ அனுபவம் உள்ளவர். குரலில் சலிப்புகூட வற்றிப் போயிருந்தது.

"பொட்டாசியம் பதினொன்று புள்ளி நான்கு."

"பொட்டாசியம் பதினொன்று புள்ளி நான்கு."

"நீங்க திருப்பிச் சொன்னத நான் கேட்டேன்னு நான் சொல்றேன். நான் சொன்னத நீங்க கேட்டீங்கன்னு சொல்லுங்க."

இப்படி மூன்று சுற்று போயிற்று. பிறகு இரண்டு பக்கமும் பெயர், பதவி, நேரம். நேரம் ஒரு நிமிஷம் இடித்ததால் மறுபடியும் ஆரம்பித்தார்கள். கால்சியமும் ரொம்பக் குறைவாக வந்திருப்பதாகவும், ஆனால் அது தனி அபாயம் என்பதால் தனியாக இன்னொரு போன் வரும் என்றும் சொல்லி வைத்தார்கள். இந்த அவசரச் செய்தி வந்து சேர பதினான்கு நிமிஷம் ஆனது.

டாக்டரம்மா ஓடி வந்தார். காகிதத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, ஒரு வாய் தண்ணி குடிக்கலாமா?" என்றாள் கலர்காரரின் மனைவி.

"பதினொண்ணு இருந்தா இவங்க தண்ணி கேக்கற நிலைமையில இருக்க முடியாதே" என்று டாக்டரம்மா முணுமுணுத்தார். உடனே இதயத் துடிப்பைக் கோடாகப் போடும் இசிஜி மெஷினை இழுத்துவரச் சொன்னார். நெஞ்சில் வில்லைகளை ஒட்டி எடுத்த தாளில் விரலை ஓட்டினார். "பொட்டாசியம் கூடினவங்களுக்கு இந்த அலை கூடாரம் மாதிரி நிமிந்து நிக்கும். இது படுத்துக் கிடக்கு. இவங்களுக்குக் குறைவுதான். சிஸ்டர், லேப்ல கேளுங்க."

சிஸ்டர் கேட்டார். பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. இரண்டு ஆட்கள் தள்ளுவண்டியோடு வந்து, தரச்சான்று பெற்ற லேபின் முடிவோடு ஒத்துப்போகாத காரணத்தால், இசிஜி மெஷினின் கழுத்தில் 'பழுது' என்று சீட்டு மாட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் நெஞ்சில் வில்லைகள் மட்டும் மிஞ்சின.

"டாக்டர், விதிப்படி பொட்டாசியத்த இறக்கற டிரிப் ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறியாகணும்" என்றார் சிஸ்டர். "இன்சுலின் கலந்தது. ரிப்போர்ட் வந்ததுமே பார்மசிக்குத் தானா ஆர்டர் போயிடுச்சு."

கலர்காரர் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். "அது ஏறினா என்ன ஆகும்?"

"நிஜமாவே கூடியிருந்தா காப்பாத்தும். குறைஞ்சிருந்தா..." டாக்டரம்மா அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார். "இருக்கற கொஞ்சமும் இறங்கிடும் சார். இதயம் நின்னுடலாம்."

கலர்காரர் அப்போதுதான் ஊதா மூடி விஷயத்தைச் சொன்னார். டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஊதாக் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பொடியே பொட்டாசிய உப்புதான் என்றார். ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதும் அதன் வேலைதானாம். கட்டிலில் கிடப்பவளிடம் கேட்காமல் குழாயிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

மறுபடி ரத்தம் எடுக்கலாம் என்று டாக்டரம்மா கம்ப்யூட்டரில் தட்டினார். திரையில் சிரிக்கிற கை வந்தது. 'இந்த நோயாளியை ஆறு மணி நேரத்துக்குள் மீண்டும் குத்த இயலாது. முதல் மாதிரி நிராகரிக்கப்பட்டால் மட்டுமே அனுமதி. நிராகரிக்கும் அதிகாரம்: தர மேலாளர்.'

"நான் போனா பேச மாட்டாரு. டாக்டர்களோட குறைகளக் கேக்கறது வியாழக்கிழமை மட்டும்" என்றார் டாக்டரம்மா. "உறவினர்கள் எந்த நாளும் வரலாம்னு போட்டிருக்கு. நீங்க போங்க சார். டிரிப்ப நான் முடிஞ்ச வரைக்கும் தள்ளிப்போடறேன். இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு."

மூன்றாவது மாடிக்குப் படியேறி ஓடினார் கலர்காரர். தர மேலாளரின் அறைக்கு வெளியே செருப்புக்கு மேல் உறை, தலைக்கு ஒரு தொப்பி, கை கழுவுவது எப்படி என்று நாலு நிமிஷப் படம். படம் முடியும் முன்னால் கதவு திறக்காது. கைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவுகிற அந்தப் படத்துப் பெண்ணை அவர் வாழ்நாளில் மன்னிக்கப்போவதில்லை.

உள்ளே சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். நடுவில் ஒரு பெரிய பலகை: 'பிழையில்லாத நாட்கள்: 999.' தர மேலாளர் எழுந்து கைகொடுத்தார். சலவைக்குப் போய் நேராக வந்த மாதிரி இருந்தார்.

"உக்காருங்க. முதல்ல உங்களுக்கு என் வாழ்த்து. உலகத்தரமான ஒரு பரிசோதனை உங்க மனைவிக்குக் கிடைச்சிருக்கு."

"சார், அந்த ரிப்போர்ட் தப்பு."

"அந்த வார்த்தைய இந்த அறையில பயன்படுத்தறதில்ல. 'மாறுபாடு'ன்னு சொல்லலாம். அதையும் எழுதிக் குடுத்தாத்தான்."

கலர்காரர் நடந்ததைச் சொன்னார். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலையணை பருமனில் ஒரு கையேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"படிங்க. 'ஒரு குழாயிலிருந்து மற்றொரு குழாய்க்கு ரத்தத்தை ஊற்றக் கூடாது.' தெளிவா இருக்கா? ஊத்தக் கூடாதுன்னு இருக்கும்போது எப்படி ஊத்தியிருப்பாங்க?"

"நான் கண்ணால பாத்தேன் சார்."

"உங்க கண்ண கடைசியா எப்ப அளவு சரிபாத்தீங்க?"

கலர்காரர் முப்பது வருஷமாகக் கண்ணை வைத்துத்தான் பிழைக்கிறார். "ரத்தம் எடுத்தவரையே கூப்பிட்டுக் கேளுங்க" என்றார்.

கூப்பிட்டார்கள். ரத்தம் எடுப்பவர் உள்ளே வந்து கலர்காரரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், நேர்மையான மனுஷன்.

"ஊத்தினேன் சார்" என்றார்.

"நீங்க ஊத்தல" என்றார் மேலாளர்.

"இல்ல சார், ஊத்தினேன். ரத்தம் போதல. ரெண்டாவது தடவ குத்தினா புள்ளி விழும். எல்லாரும் ஊத்தறதுதான் சார், நான் மட்டும் இல்ல."

"பயிற்சியில உங்களுக்கு ஊத்தச் சொல்லிக் குடுத்தோமா?"

"இல்ல சார்."

"சொல்லிக் குடுக்காத ஒண்ண உங்களால எப்படிச் செய்ய முடியும்? போய் வேலையப் பாருங்க."

அவர் ஒரு நிமிஷம் நின்றார். தான் செய்ததைத் தானே செய்யவில்லை என்று கேட்டுக்கொண்டு வெளியே போவது அவருக்கும் புதிதாக இருந்திருக்கும். பிறகு போய்விட்டார்.

மேலாளர் ஒரு பட்டியலை எடுத்தார். மாதிரியை நிராகரிக்கப் பதினேழு காரணங்கள் இருந்தன. குழாய் உடைந்திருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், லிஃப்ட் நின்றுபோய் நேரம் கடந்திருக்கலாம். ஊற்றியது என்ற காரணம் மட்டும் இல்லை. பதினெட்டாவது காரணத்தைச் சேர்க்க வேண்டுமானால் கமிட்டி கூட வேண்டும். கமிட்டி கூடினால் ஏன் கூடியது என்று பதிய வேண்டும். பதிந்தால் பலகையில் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். நாளைக்கு ஆயிரமாவது நாள். ஆய்வுக் குழு வருகிறது.

"இத்தனைக்கும் நாங்க அலட்சியமா இருக்கல" என்றார் மேலாளர். "பதினொண்ணு புள்ளி நாலு வந்ததும் அதே குழாய மறுபடி மெஷின்ல வச்சோம். பதினொண்ணு புள்ளி நாலு. மூணாவது தடவயும் பதினொண்ணு புள்ளி நாலு. இவ்வளவு துல்லியமா உங்க மனைவியால இருக்க முடியுமா?"

"சார், தப்பாக் கலந்த டின்ன மூணு தடவ திறந்து பாத்தாலும் அதே தப்புக் கலர்தானே இருக்கும்?"

"அழகாச் சொன்னீங்க. அதுக்குப் பேர்தான் தரம்." மேலாளருக்கு உண்மையிலேயே சந்தோஷமாகிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மனுஷ உடம்பு இருக்கே, அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. அத நம்பி ஒரு நிறுவனம் நடத்த முடியுமா? ரிப்போர்ட் அப்படியில்ல. ஒரு தடவ கையெழுத்துப் போட்டுட்டா போட்ட இடத்துல நிக்கும். உங்க மனைவி மேல எங்களுக்கு மரியாதை இருக்கு சார். ஆனா அவங்களுக்குத் தரச்சான்று இல்ல."

கலர்காரர் எழுந்தார். அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை. நேரமில்லை. தொப்பியைக் கழற்றக்கூட நினைவில்லாமல் படியிறங்கி ஓடினார்.

வார்டில் டிரிப் பாட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயை இன்னும் கையில் மாட்டவில்லை. மனைவி கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது.

"லேபிள்ல புள்ளி வைக்கலன்னு ஒரு தடவ, கையெழுத்து கோட்டுக்கு வெளியில போயிடுச்சுன்னு ஒரு தடவ, ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிட்டேன்" என்றார் டாக்டரம்மா. "மூணாவது தடவ எல்லாம் சரியா வந்துடுச்சு. என்ன சொன்னாரு?"

"என் மனைவிக்குத் தரச்சான்று இல்லையாம்."

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு" என்றார் சிஸ்டர், யாரையும் பார்க்காமல். "நேரம் தாண்டினா மேல தகவல் போயிடும். வேற ஆள அனுப்பி மாட்டிடுவாங்க டாக்டர். நான் என்ன பண்றது?"

கலர்காரர் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் ஜில்லென்றிருந்தது. திரையில் அந்தக் கை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. 'இந்த நோயாளியை' என்ற வார்த்தை அவர் கண்ணில் பட்டது.

"டாக்டரம்மா, எங்க கடை மெஷின்லயும் இதே தொல்லதான்" என்றார். "ஒரு தடவ தப்பா ஏத்தின கலர் நம்பர அழிக்கவே விடாது. நாங்க அதோட மல்லுக்கட்ட மாட்டோம். அத அப்படியே விட்டுட்டு, அதே கலருக்குப் புது நம்பர் போட்டுருவோம்."

டாக்டரம்மா திரையிலிருந்த நோயாளி நம்பரைப் பார்த்தார். பிறகு, "சிஸ்டர், சொந்தப் பொறுப்புல டிஸ்சார்ஜ் ஆகறவங்களுக்கு டிரிப் போடணுமா?" என்றார்.

"டிஸ்சார்ஜ் ஆனவங்க நம்ம நோயாளி இல்லியே டாக்டர்" என்றார் சிஸ்டர். சொல்லி முடிக்கும் முன்னால் டிஸ்சார்ஜ் ஃபாரம் கலர்காரர் கையில் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் திருப்பிச் சொல்லாமல் நடந்த முதல் காரியம் அதுதான். 'நோயாளி எப்படிச் சென்றார்' என்ற கட்டத்தில் சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு 'நலமாக நடந்து சென்றார்' என்பதில் டிக் அடித்தார். வேறு எதில் அடித்தாலும் இன்னொரு ஃபாரம் நிரப்ப வேண்டும்.

சக்கர நாற்காலியில் வைத்து முன்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போனார் கலர்காரர். காவலாளி, "சீக்கிரம் குணமாயிட்டாங்களே, சந்தோஷம்" என்று கதவைத் திறந்துவிட்டார். கட்டடத்தைப் பக்கவாட்டில் சுற்றினால் அவசரப் பிரிவின் வாசல். வழியெல்லாம் கல் பாவிய தரை. ஒவ்வொரு கல்லுக்கும் அவள் தலை ஆடியது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்து அவர் எதையும் தள்ளியதில்லை.

"இதுக்கு முன்னாடி இங்க காட்டியிருக்கீங்களா?" என்றார் பதிவு எழுத்தர்.

காய்ந்தால் கலர் சரியாகிவிடும் என்று கடைக்கு வருபவர்களிடம் சொல்வதைத் தவிர வேறு பொய் சொல்லிப் பழகாதவர் கலர்காரர். "இல்லீங்க" என்றார்.

"என்னங்க, காலையிலதானே..." என்று முனகினாள் மனைவி.

"நீ சும்மா இரு" என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிச் சொன்னதும், அவள் சும்மா இருந்ததும் அன்றைக்குத்தான். அவள் சும்மா இருந்ததுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

புது நம்பர் விழுந்தது. டாக்டரம்மா பின்படி வழியாக இறங்கி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ரத்தம் எடுக்க ஆள் கூப்பிட்டார்கள். தட்டோடு வந்தது அதே ஆள். கட்டிலில் இருப்பவளைப் பார்த்தார், கலர்காரரைப் பார்த்தார். வணக்கம் என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

"சிவப்ப முதல்ல எடுக்கறேன்" என்றார். குத்தினார். இரண்டு சொட்டு வந்தது, நின்றது.

"இன்னொரு கையில குத்துங்க" என்றார் கலர்காரர்.

"புள்ளி விழும் சார். இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு இருக்கு. பேட்ஜ் போன மாசத்துது."

அவர் மறு கையைப் பிடித்து மெதுவாகத் தட்டினார், வெந்நீரில் நனைத்த துணியை வைத்துக் காத்திருந்தார், பிறகு குத்தினார். ரத்தம் வந்தது. சிவப்புக் குழாய் நிறைந்தது. அவர் தன் பேட்ஜைத் தானே கழற்றித் தட்டில் போட்டுக்கொண்டு, "எப்படியும் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, குழாயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடினார். கலர்காரர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பொட்டாசியம் இரண்டு புள்ளி இரண்டு. அதுவும் அபாய மதிப்புதான். போன் வந்தது. "எழுதிக்கத் தயாரா?" என்று அந்தப் பக்கம் கேட்க, டாக்டரம்மா, "கேட்டாச்சு" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். பொட்டாசியம் கலந்த டிரிப் சொட்டுச் சொட்டாக ஏற ஆரம்பித்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் இடது கால் கட்டைவிரலை ஆட்டினாள். கலர்காரர் அதை ஆட்டச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆயிரமாவது நாள். கேக் வெட்டினார்கள். ஆய்வுக் குழுவினர் எந்தக் கோப்பை எடுத்தாலும் அப்பழுக்கில்லை. முக்கியமாக ஒன்று அவர்களை அசத்திவிட்டது. பொட்டாசியம் பதினொன்று புள்ளி நான்கோடு இருந்த ஒரு பெண்மணி எந்தச் சிகிச்சையும் இல்லாமல் நலமாக நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். உலக மருத்துவத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை என்று குழுத் தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை. நடந்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று வியாழக்கிழமை, வாங்காமல் இருக்க முடியவில்லை. பிழை என்று பதியாமல், புகார் என்று மட்டும் பதிந்துகொண்டு பதினோரு பேர் கொண்ட கமிட்டி கூடி மூல காரணத்தைக் கண்டுபிடித்தது. ஐந்து முறை ஏன் என்று கேட்டால் மூல காரணம் வந்துவிடும் என்பது அவர்கள் முறை. அன்று மதியம் தர மேலாளர் பூங்கொத்தோடு கட்டிலருகே வந்து, கலர்காரருக்கு அதைப் பெருமையாகப் படித்தே காட்டினார்.

"ஏன் புகார் வந்தது? டாக்டர் எழுதியதால். டாக்டர் ஏன் எழுதினார்? நோயாளியின் கணவர் சொன்னதால். கணவர் ஏன் சொன்னார்? அவர் பார்த்ததால். ஏன் பார்த்தார்? பக்கத்தில் நின்றதால். ஏன் நின்றார்? நிற்க விட்டதால்." காகிதத்தை மடித்தார். "கிடைச்சிடுச்சு சார். உங்களால ஒரு பெரிய ஓட்டைய அடைச்சிருக்கோம். இனிமே ரத்தம் எடுக்கும்போது உறவினர்கள் வெளியில நிப்பாங்க. எல்லாக் கட்டிலுக்கும் திரை போடச் சொல்லிட்டேன். உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"ரத்தம் எடுத்தாரே, அவரு?"

"ரெண்டு தடவ குத்திட்டாரே சார். அது பெரிய மீறல். சிறுநீர் பிரிவுக்கு மாத்திட்டோம். அங்க குத்த வேண்டிய அவசியமில்ல."

மூன்றாம் நாள் காலை, உப்பு அளவு சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி ரத்தம் எடுக்க வந்தார்கள். ஆள் புதுசு. மார்பில் பேட்ஜ் பளபளத்தது. கலர்காரரை வெளியே அனுப்பிவிட்டுப் புதுத் திரையை இழுத்து மூடினார். கனமான துணி. உள்ளே நடப்பது ஒன்றும் தெரியவில்லை. கலர்காரர் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வணக்கம் என்று ஒப்பிப்பது கேட்டது. பிறகு சத்தமில்லை. ரொம்ப நேரம் சத்தமில்லை.

"ஏம்ப்பா, அந்த ஊதா மூடிய எதுக்குத் திறக்கற?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வார்டில் ஆறு கட்டிலுக்கும் கேட்கிற குரல். "மூடு அத. ரத்தம் போதலன்னா இந்தக் கையில குத்து, இதுலயும் வரலன்னா அந்தக் கையில குத்து. கை என்னுது. ஊத்தற வேலையெல்லாம் என்கிட்ட வச்சுக்காத, ஆமா!"

இருபத்தாறு வருஷமாகக் கால் துடைக்காமல் உள்ளே வராதே, ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதே என்று அவரை விரட்டிய குரல்தான். அதைக் கேட்டு அவருக்கு அழுகை வந்தது. திரையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே புது ஆள் என்னவோ முணுமுணுத்துவிட்டு இரண்டாவது ஊசியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

அன்று மாலையே கமிட்டி மறுபடி கூடியது. மறுநாள் ஒவ்வொரு திரையிலும் ஒரு சுற்றறிக்கையை ஒட்டினார்கள்: 'ரத்தம் எடுக்கும்போது நோயாளிகள் தங்கள் கண்களை மூடிக்கொள்ள வேண்டும்.'